விதைக்கென்று ஒரு பாத்தி விடுங்கள்



இந்த இதழுக்கு உரம், பூச்சி என்று எத்தனையோ கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுள் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பது இது:

"ஐயா, எங்கள் கொல்லையில் போர்த் தண்ணீர் விழும் தொட்டி ஓரமாக ஆறு வருடம் வள்ளைக்கீரை இருந்தது. என் மாமியார் குளத்திலிருந்து கிள்ளி வந்து நட்ட கொடி. போன கோடையில் மோட்டார் பழுதாகி மூன்று வாரம் தண்ணீர் இல்லை. காய்ந்து நின்றதை ஆடு மேய்ந்துவிட்டது. குளத்தில் போய்ப் பார்த்தால் தூர்வாரியதில் அங்கேயும் இல்லை. அதற்கு முந்தைய மார்கழியில் கொடியில் சில காய்கள் மஞ்சளாக இருந்தன. பறித்து பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்திருந்தேன். அதை இப்போது போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நான் செய்த தவறு என்ன?"

இந்தச் சகோதரி தவறு செய்தார் என்று சொல்லும் முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. 1990-களின் நடுப்பகுதி. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் பாசனக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். நான் கரையில் நின்று, எதையெல்லாம் பிடுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகாயத்தாமரையோடு சேர்த்து வள்ளைக்கொடியையும் வழித்துப் போடச் சொன்னேன். நான் படித்த களைப் பாடத்தில் அதன் பெயரும் இருந்தது. ஊரில் எல்லோரும் அப்பாயி என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மா கூடையோடு வந்தார். அந்தக் குளத்துக் கீரையை வாரம் இரண்டு நாள் கட்டுக் கட்டாகக் கட்டி விற்பவர். "தம்பி, அது களையில்ல, கீரை. ஓரத்துல கொஞ்சம் விட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றார். நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அதே அப்பாயி என்னிடம் வந்தார். "வள்ளக்கீரை வெதை இருந்தா குடுங்க தம்பி" என்றார். நெல் விதை இருந்தது, உளுந்து விதை இருந்தது. கீரை விதை என்னிடம் இல்லை. அந்த ஊரில் யாரிடமும் இல்லை. காரணம், அதை யாரும் விதைத்ததே இல்லை. கிள்ளி நட்டார்கள், வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெறும் கூடையோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகுதான் இந்தக் கீரையின் விதையைத் தேடவும், கொல்லையில் போட்டுப் பார்க்கவும் ஆரம்பித்தேன். இங்கே எழுதுவதெல்லாம் அப்படிக் கற்றதுதான்.

வள்ளைக்கீரை எது?

பேச்சு வழக்கில் வள்ளக்கீரை. குளம், குட்டை, வாய்க்கால் ஓரங்களில் தண்ணீர்மேல் படர்ந்து போகும் கொடி. தண்டு உள்ளே புழலாக இருப்பதால் மிதக்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இது உறவு. பூவும் அதேபோல் புனல் வடிவில் வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். அகநானூற்றிலேயே எருமை இரவில் கட்டறுத்துக்கொண்டு போய், புழல் தண்டுள்ள வள்ளையைக் கலக்கி, தாமரை மேயும் காட்சி வருகிறது. நம் மருத நிலத்துக் கீரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வங்காளத்தில் இதைக் கல்மி என்பார்கள். இலங்கையில் கங்குன் என்ற பெயரில் சந்தைக்குச் சந்தை கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூர் போய் வந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கங்கோங் என்றால் தெரியும். வாரணாசியில் உள்ள இந்திய காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் 'காசி மனு' என்ற ரகத்தை, குளம் இல்லாமலே மேட்டுப் பாத்தியில் வளர்க்கும்படி கொடுத்திருக்கிறது. எல்லா ஊரிலும் மதிப்புள்ள இந்தக் கீரை, அது தானாக வளரும் நம் டெல்டாவில்தான் அருகி வருகிறது. இரும்புச்சத்தும் கரோட்டினும் உள்ள கீரை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதை இழப்பது ஏழை வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குளத்து வகை: தண்டு சற்றுச் சிவந்திருக்கும், இலை அகலம், கிள்ளி நட்டாலே வந்துவிடும். மற்றொன்று மேட்டு வகை: தண்டு பச்சை, இலை மூங்கில் இலைபோல் ஒடுக்கம், விதை போட்டு வளர்ப்பது. கடைப் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஏன் விதை வேண்டும்?

கிள்ளி நட்டால் நாலு நாளில் வேர் பிடிக்கும் கீரைக்கு விதை எதற்கு என்று கேட்கலாம். கொடி மட்டும் இருந்தால் அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். வலங்கைமான் சகோதரிக்கு மூன்று வாரம் தண்ணீர் இல்லாததால் ஆறு வருடக் கொடி போயிற்று. அலமாரியில் ஒரு பாட்டில் விதை இருந்திருந்தால் மறு வாரமே போட்டிருப்பார். ஒரே கொடியைக் கிள்ளிக் கிள்ளி நடும்போது, இலை அடியில் வெள்ளைக் கொப்புளமாக வரும் வெண்துரு நோயும் கூடவே போகும். நோயற்ற செடியில் எடுத்த விதையைப் புது இடத்தில் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் விதை சேருவதில்லை? வாராவாரம் கிள்ளுகிற கொடி பூக்காது. பூக்காத கொடி காய்க்காது. கீரையில் கொழுத்த செடியை முதலில் கிள்ளிக் கறி வைக்கிறோம். கடைசியில் யாரும் தொடாத நோஞ்சான் செடி ஓரத்தில் பூத்து நிற்கும். அதைத்தான் விதைக்கு எடுக்கிறோம். இப்படியே நாலு வருடம் எடுத்தால் கீரை தானாக இளைத்துவிடும். நெல்லில் யாரும் பதரை விதைக்கு வைக்க மாட்டோம். கீரையில் மட்டும் வைக்கிறோம்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்வது ஒன்றுதான்: விதைக்கென்று ஒரு பாத்தியைத் தனியாக விடுங்கள், அதில் உள்ள நல்ல செடியைக் கிள்ளாதீர்கள்.

டெல்டாவுக்கு ஏற்ற காலம்

வள்ளைக்கீரை பகல் நேரம் குறையும்போது பூக்கும் செடி. நம் பகுதியில் ஆனி மாதத்தைவிட மார்கழியில் பகல் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைவு. கோடையில் எவ்வளவு நாள் கிள்ளாமல் விட்டாலும் அது இலையும் கொடியுமாகத்தான் ஓடும். அதனால் 'வெயில் காலத்தில் விதை எடுக்கலாம்' என்று சித்திரையில் விட்டுவைத்துக் காத்திருக்க வேண்டாம்.

புரட்டாசியில் கிள்ளுவதை நிறுத்தினால் ஐப்பசியிலேயே பூக்கும். ஆனால் அப்போது வடகிழக்குப் பருவமழை. பூ உதிரும், காய் அழுகும், தப்பிய காயில் விதை முற்றாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆவணியில் விதையுங்கள். ஒரு மாதத்தில் கிள்ளத் தொடங்கி கார்த்திகை வரை தாராளமாகச் சாப்பிடுங்கள். மார்கழி பிறந்ததும் விதைப் பாத்தியில் கை வைக்காதீர்கள். தையில் பூக்கும். பூத்து ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில், மாசி கடைசியிலிருந்து பங்குனிக்குள் காய் முற்றும். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வடிந்து, பனி விலகி, வெயில் ஏறுகிற நாட்கள் அவை. சம்பா அறுத்த களம் காய்கிற அதே வெயிலில் கீரை விதையும் காயும்.

செய்முறை

1. இடம்: 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். அடிபம்பு ஓரம், தொட்டி ஓரம், கிணற்றடி என்று ஈரம் நிற்கும் இடம் நல்லது. மக்கிய எரு இரண்டு கூடை கலந்து கொத்துங்கள்.

2. விதைப்பு: விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில், அரை அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு மூன்று விதை. முளைத்தபின் நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிக் கறிக்கு எடுங்கள். இப்படிச் சுமார் 20 செடி நிற்கும். ஒன்றிரண்டு செடியில் மட்டும் விதை எடுக்காதீர்கள். 20 செடியில் எடுத்தால்தான் ரகம் பலவிதத்தையும் தாங்கும்.

விதை கிடைக்காதவர்கள் குளத்துக் கொடியைக் கிள்ளியும் நடலாம். நான் பார்த்தவரை தண்ணீரில் மிதக்கும் கொடியைவிடக் கரையேறிச் சேற்றில் நிற்கும் கொடியில்தான் காய் அதிகம் பிடிக்கிறது. ஆகவே விதைக்கு நடுவதைத் தண்ணீருக்குள் நடாமல் ஈரப் பாத்தியில் நடுங்கள். ஒரே கொடியைக் கிள்ளாமல் பல இடத்துக் கொடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கிள்ளுதல்: அடியில் இரண்டு கணு விட்டுக் கிள்ளுங்கள். மீண்டும் துளிர்க்கும்.

4. தேர்வு: கார்த்திகையில் ஒரு நாள் பாத்தியை நின்று பாருங்கள். மழையிலேயே அவசரப்பட்டுப் பூத்தது, இலை சிறுத்தது, இலை அடியில் வெள்ளைக் கொப்புளம் உள்ளது எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். நன்றாகத் தழைத்ததில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வையுங்கள். வீட்டில் யார் கீரை கிள்ளப் போனாலும், 'துணி கட்டியதைத் தொடக்கூடாது' என்று சொல்லிவிடுங்கள்.

5. மார்கழிக்குப் பின்: யூரியா வேண்டாம். போட்டால் இலைதான் ஓடும். செடியைச் சுற்றி ஒரு கை அடுப்புச் சாம்பல் தூவலாம். கொடி தரையில் கிடந்தால் காய் மண்ணில் பட்டு அழுகும். மூங்கில் குச்சியோ மலார்க் குச்சியோ ஊன்றிப் படரவிடுங்கள். காய் பிடித்தபின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வாட விடக் கூடாது, சேறாகவும் நிற்கக் கூடாது.

6. இரண்டு வகையும் வைத்திருந்தால்: தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகலாம். ஒரு வருடம் ஒரு வகையை மட்டும் பூக்க விடுங்கள். மற்றதைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

7. அறுவடை: காய்கள் ஒரே நாளில் முற்றாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, பனி காய்ந்தபின் போய், பழுப்பாகிக் காய்ந்த காயை மட்டும் பறியுங்கள். விரலால் அழுத்தினால் ஓடு உடைய வேண்டும். உள்ளே பெரும்பாலும் நான்கு விதைவரை, கெட்டியாகக் கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். பச்சையும் மஞ்சளும் கொடியிலேயே இருக்கட்டும்.

8. காய வைத்தல்: காயைத் துணிப்பையில் போட்டு மெதுவாகத் தட்டி, முறத்தில் புடைத்து எடுங்கள். விதையை மூன்று நான்கு நாள் நிழலில் பரப்புங்கள். பிறகு இரண்டு நாள் காலை வெயிலில் மட்டும், 10 மணி வரை. நடுப்பகலில் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ போட்டால் விதைக்குள் இருக்கும் உயிர் வெந்துவிடும். பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைந்தால் காய்ந்தது என்று அர்த்தம்.

9. சேமிப்பு: ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், அடியில் ஒரு விரற்கடை சலித்த சாம்பல் போட்டு, மேலே விதையைத் துணியில் முடிந்து வைத்து, இறுக மூடுங்கள். எந்த வகை, எந்த மாதம், எந்த வருடம் என்று எழுதி ஒட்டுங்கள். வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். முழு விதையையும் ஒரே பாட்டிலில் வைக்காமல், பாதியை அம்மா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

வலங்கைமான் சகோதரிக்குப் பதில்

சகோதரி, நீங்கள் காயை மஞ்சளாக இருக்கும்போதே பறித்தீர்கள், விதை முற்றவில்லை. மார்கழிப் பனி ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் முடிந்தீர்கள். உள்ளே வியர்த்து, இருந்த உயிரும் போயிருக்கும். பங்குனி வரை பொறுத்திருந்தால் அதே கொடி உங்களுக்கு விதை கொடுத்திருக்கும்.

ஆனாலும் போட்ட குழியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். விதை ஊதி அழுகியிருந்தால் அது முடிந்தது. ஊதாமல் கல்போல் அப்படியே இருந்தால் தோல் கெட்டியாகித் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று பொருள். அதை ஆற்றுமணலோடு சேர்த்து உள்ளங்கையில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து மறுபடி போடுங்கள். ஒன்றிரண்டு பிழைத்தாலும் உங்கள் மாமியார் வைத்த கொடியின் வம்சம் கையில் நிற்கும்.

எந்த விதையையும் பாத்தியில் போடுமுன் சோதித்துக்கொள்ளுங்கள். 50 விதையை ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். 40 முளைத்தால் நூற்றுக்கு 80, நல்ல விதை. 25 என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேடுங்கள்.

விதையைக் கொடுங்கள்

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தியதை நம் வாசகர்கள் அறிவார்கள். பாரம்பரிய நெல் விதை 2 கிலோ கொடுப்பார். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். அந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்த பின்னும் அந்த நெல் விளைந்துகொண்டிருக்கிறது. கீரைக்கும் அதைச் செய்யலாம். ஒரு பிடி விதை கொடுங்கள், அடுத்த பங்குனியில் இரண்டு பிடி கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு பாட்டில் சுற்றினால் போதும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை முத்திரைப் பெயர் ஒட்டி விற்கத்தான் தடை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வாய்க்கால் கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு நிற்கிறது. பூ இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே, எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: இரண்டும் ஒரே இனம் என்பதால் பூ ஒத்திருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு நிமிர்ந்து புதராக நிற்கும், தண்டு கட்டையாகும், இலை இதய வடிவில் பெரிது. ஆடு மாடு தொடர்ந்து தின்றால் நோய்ப்படும். மனிதர் சாப்பிடக் கூடாது. வள்ளை நிமிராது, படரும். தண்டு நகம் பட்டாலே ஒடியும். இலை ஈட்டி முனைபோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் கிள்ளாதீர்கள்.

கேள்வி: ஊர்ச் சாக்கடை போய்ச் சேரும் குட்டையில் வள்ளைக்கீரை செழித்துக் கிடக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை இந்தக் கீரை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் வேக வைத்தாலும் அவை போகாது. களைக்கொல்லி தெளித்த வயல் தண்ணீர் வடியும் இடத்திலும் பறிக்காதீர்கள். நல்ல குளத்துக் கீரையையும் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேக வைத்தே சாப்பிடுங்கள். குடற்புழுவின் முட்டையும் குஞ்சும் ஒட்டியிருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் இந்த விதையைக் கேட்கிறாள். அனுப்பலாமா?

பதில்: கூடாது. அங்கே இதை நீர்நிலைகளை அடைக்கும் களை என்று மத்திய அரசுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் பிடிபட்டால் மகளுக்குத்தான் சிரமம். இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. கிள்ளிப் போட்ட தண்டைப் பாசன வாய்க்காலில் எறியாதீர்கள். பாத்தியில் இருக்கும் வரை அது கீரை. மதகை அடைத்தால் களைதான். நான் அன்று அந்தக் குளத்தில் மதகடியை மட்டும் வழிக்கச் சொல்லி, ஓரத்தை விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பொன்னாங்கண்ணிக்கும் வல்லாரைக்கும் இதேபோல் விதை எடுக்க வேண்டுமா?

பதில்: வீட்டுத் தேவைக்கு வேண்டியதில்லை. பொன்னாங்கண்ணியைத் தண்டு கிள்ளியும், வல்லாரையை ஓடுகொடியின் கணுவை வேரோடு எடுத்தும் நடுவதே எளிது. ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு தொட்டியில் நாலு கணு இருக்கட்டும். உங்கள் கொல்லையில் போனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆடி முடிகிறது. விதைப் பாத்தியைக் கொத்தி வைக்க இது சரியான நேரம். பங்குனியில் விதை எடுத்தவர்கள் எத்தனை காய், எத்தனை முளைப்பு என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள். விதை மிஞ்சியவர்கள் அதையும் எழுதுங்கள்; வலங்கைமான் சகோதரிபோல் கேட்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.